திருவாரூர் – காரைக்குடி ரயிலுக்கு என் மதிப்பெண்: பாதைக்கு ஐந்து, வண்டிக்கு நாலு, நேரத்துக்கு ஒன்றரை

திருவாரூரிலிருந்து காரைக்குடிக்கு ரயிலில் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன இடத்தில் உங்களுக்கு எத்தனை மணிக்கு வேலை? அந்த நேரத்துக்கு வண்டி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுங்கள். இந்தப் பக்கத்தில் இதைவிட மலிவான, உடம்பு நோகாத பயணம் கிடையாது. நேரம் ஒத்துவரவில்லை என்றால் பஸ்தான். சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன், எப்படி என்கிற விவரம்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், பிறந்த வீடு திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம், வாழ்க்கைப்பட்டது அறந்தாங்கியில். இரண்டையும் இணைப்பது இந்தத் தண்டவாளம். பள்ளிக்கூடம் போன காலத்தில் கரி இன்ஜின், கல்யாணமாகி வந்தபோது டீசல், பிள்ளைகள் தலையெடுத்தபோது ரயிலே இல்லை, இப்போது டெமு என்கிற புது மாதிரி வண்டி. அறந்தாங்கியில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மாவைப் பார்க்கப் போவதும், திருவாரூரில் இருக்கிற நாத்தனார் வீட்டு விசேஷங்களுக்குப் போவதும் முடிந்தவரை இந்த வண்டியில்தான். ரயில் ஆர்வலர் என்று சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை நான். இன்ஜின் நம்பரெல்லாம் தெரியாது. பயணி. அவ்வளவுதான்.

முதலில் பாதை. மொத்தம் 149 கிலோமீட்டர். திருவாரூரில் கிளம்பி திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி. இதன் பழைய பகுதி 1894-இல் வந்தது, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை. 1902-இல் பட்டுக்கோட்டை, 1903-இல் அறந்தாங்கி. அங்கே வந்து அரை நூற்றாண்டு அப்படியே நின்றுவிட்டு, 1952-இல்தான் காரைக்குடியைத் தொட்டது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. இதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலம் வைத்திருந்தவர்களிடம் செஸ் என்கிற வரி வசூலித்து, அந்தப் பணத்தில் போட்ட பாதை. வண்டி ஓட்டிக் கொடுத்தது மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அதாவது எங்கள் பாட்டன் பூட்டன் நெல் விற்ற காசு இந்தத் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிறது. அதனால் இந்த வண்டியைக் குறை சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து மீட்டர்கேஜ் (குறுகிய பாதை) வண்டியை இப்போது ஆஹா ஓஹோ என்று எழுதுகிறவர்கள் அதில் ஏறியவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். அம்மா முந்தானை முனையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றுவாள். வெள்ளைச் சட்டை போட்டு ஏறினால் இறங்கும்போது அது வெள்ளை இல்லை. பலகை சீட்டு, அதில் மூட்டைப்பூச்சி. சாயங்கால வண்டியில் விளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம். கழிவறையில் தண்ணீர் என்பதை யாரும் எதிர்பார்த்ததே இல்லை. இன்ஜின் மழைக்காலத்தில் மூச்சு வாங்கி நடுக்காட்டில் நின்றுவிட்டால், ஆண்கள் இறங்கிப் பீடி பற்றவைப்பார்கள், பெண்கள் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வேறு வழி இல்லை என்பதால் வந்த பொறுமை அது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டி எங்களுக்கு ஏற்ற நேரத்தில் ஓடியது. காலையில் திருத்துறைப்பூண்டிப் பள்ளிக்கூடத்துக்கு, கோர்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைக் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் அவர்களையே திருப்பிக் கூட்டிப்போனது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து மீன்கூடையோடு ஏறுகிறவர்களுக்கென்று ஒரு பெட்டியே தனியாக ஒதுங்கிவிடும். யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் பிற பெட்டிக்காரர்கள் அதில் ஏற மாட்டார்கள், ஏறினால் அந்த வாடையோடு விசேஷ வீட்டுக்குப் போக முடியாது. பால் கேன்கள் ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகத் தொங்கும். வெள்ளரிப் பிஞ்சு, பனங்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் ஓடும் வண்டியிலேயே வரும். கவுன்ட்டரில் அட்டை டிக்கெட். அதைத் தேதி மெஷினில் சொருகி ‘டக்’கென்று ஒரு அடி அடித்துக் கொடுப்பார்கள். என் பெட்டியில் எங்கேயோ ஒன்று இன்னும் கிடக்கிறது, தேதி மங்கிப் போய்.

சென்னைக்குப் போவதென்றால் கம்பன் எக்ஸ்பிரஸ். காரைக்குடியில் கிளம்பி எங்கள் ஊர்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு எழும்பூருக்குப் போய்ச் சேரும். துபாய், சிங்கப்பூர் போகிறவர்களை வழியனுப்ப முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் பிளாட்பாரம் நிறையக் கூட்டம் நிற்கும். போகிறவர் ஒருவர் என்றால் அழுகிறவர் பத்துப் பேர். 2006-இல் விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதையை அகலமாக்க மூடியதும் அந்த வண்டியின் கதை முடிந்தது.

பிறகு 2012-இல் எங்கள் பாதையையும் மூடினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் திறந்துவிடும் என்றார்கள். காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை 2018-இல் வண்டி வந்தது, திருவாரூர் வரை முழுதாக 2019 ஜூனில்தான். அதாவது ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்புக்கு வரும் வரை ரயில் இல்லை. இந்த இடைவெளியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் பாதையின் இத்தனை வருஷக் கதையில் பெரிய மாற்றம் நடந்தது இந்த ஏழு வருஷத்தில்தான். மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போன பிறகு வெறும் மேடு மட்டும் கிடந்தது. அதில் ஆடு மேய்ந்தது, கருவேலம் முளைத்தது, பையன்கள் பைக் ஓட்டப் பழகினார்கள். ரயில் நேரத்தை வைத்துக் கடை திறந்தவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டுக்கொரு டூவீலர் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் ‘ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரம்’ என்று போடுவது நின்றது. நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. ரயில் திரும்பி வந்தபோது, அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் பாதிப் பேர்தான் மிச்சம்.

அப்படி வந்த புது ரயிலும் வந்தவுடனேயே சிரிப்பாய்ச் சிரித்தது. விஷயம் இதுதான். பாதை நெடுகச் சுமார் எழுபது லெவல் கிராசிங். 2019 தொடக்கத்தோடு அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்டே இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. நல்ல விஷயம், எத்தனையோ உயிர் போன இடங்கள் அவை. ஆனால் எங்கள் பாதைக்குக் கேட் கட்டினார்களே தவிர, கேட் கீப்பர்களைப் போடவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கேட் கீப்பரை ரயிலிலேயே ஏற்றிவிடுவது. ‘மொபைல் கேட் கீப்பர்’ என்று பெயர்.

எப்படி நடக்கும் என்றால், கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் குதித்து இறங்கி, கையில் சாவியும் கொடியுமாக நடந்துபோய் இரண்டு பக்கமும் கேட்டைச் சாத்திப் பூட்டுவார். கொடி காட்டுவார். வண்டி மெதுவாகக் கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். சாத்தியவர் ஓடிவந்து முன்னால் ஏறிக்கொள்வார். இப்போது கடைசிப் பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு, வந்து ஏறிக்கொள்வார். விசில். வண்டி கிளம்பும். மூச்சுப் பிடித்து வேகம் எடுப்பதற்குள் அடுத்த கேட். கல்யாண வீட்டில் பந்தி பந்தியாக நின்று விசாரிக்கிற பெரிய மாமாவைப் போல, ஒரு கேட்டையும் விடாமல் நின்று நின்று போகும். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கரி இன்ஜின் காலத்தில்கூட இவ்வளவு ஆனதில்லை.

ஒரு தடவை நான் கடைசிப் பெட்டியில். திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிய பையனுக்கு வேர்த்து ஊற்றியது. என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“தம்பி, இறங்கி நடந்தா நான் உங்களுக்கு முன்னாடி பேராவூரணி போயிருவேன் போலிருக்கே.”

“போங்கக்கா. போற வழியில நாலு கேட்டைச் சாத்திட்டுப் போனீங்கன்னா எனக்குப் புண்ணியமாப் போகும்.”

பெட்டியே சிரித்தது. ஆனால் அந்தப் பையனுக்கு அது சிரிப்பு இல்லை. ஒரு நடைக்கு எழுபது தடவை இறங்கி ஏற வேண்டும், கீழே பிளாட்பாரமும் கிடையாது, ஜல்லி மேல் குதிக்க வேண்டும். அந்த நாள்களில் வண்டியில் கூட்டமே இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். ஆறு மணி நேர வண்டியில் யார் ஏறுவார்கள்? அப்புறம் கொரோனா. எல்லாம் நின்று, 2021-இல் மறுபடி தொடங்கி, போகப் போகக் கேட்டுகளுக்கு நிரந்தரமாக ஆட்கள் வந்தார்கள். அதன் பிறகுதான் இது ரயில் என்று சொல்லும்படி ஆனது. இப்போது அறந்தாங்கியில் ஏறினால் பட்டுக்கோட்டை வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம்கூடச் சரியாகப் போட முடிவதில்லை.

இனி வண்டி. டெமு என்றால் இன்ஜினும் பெட்டியும் ஒரே கோவையாக, இரண்டு பக்கமும் ஓட்டுகிற அறையோடு இருப்பது. அகலக் கதவு. மூட்டையோடு ஏறலாம், வயசானவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றலாம். பழைய வண்டியில் தலையைக் குனிந்து உள்ளே போன ஞாபகம் இருப்பவர்களுக்கு இதன் உயரமே பெரிய விஷயம். மீட்டர்கேஜ் ஒரு மீட்டர் அகலம். இப்போதைய தண்டவாளம் 1.676 மீட்டர். அந்த வித்தியாசம் உட்கார்ந்தால் இடுப்புக்குத் தெரியும். ஆட்டம் குறைவு. வெற்றிலை மடிக்கலாம், பூ கட்டலாம். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே முடிகிறது, சட்டைக்குப் பட்டன் தைத்து முடித்துவிடுவேன். பஸ்ஸில் அது நடக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பஸ்ஸில் நடக்கிற ஒரே காரியம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வது. டெமுவில் சத்தம் அதிகம் என்பது மட்டும் குறை. இன்ஜின் உள்ள பெட்டியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டும். நடுப்பெட்டியில் ஏறுங்கள்.

டிக்கெட் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளுக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டு, அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக்கூடக் குறைந்தது 30 ரூபாய் வாங்கினார்கள். 2024 பிப்ரவரிக் கடைசியில் பழையபடி 10 ரூபாய்க்கு இறக்கினார்கள். அதற்குப் பிறகு விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முன்பு காலை ரயிலில் பாதிக்கு மேல் பெண்கள். இப்போது பக்கத்து ஊருக்குப் போகிற பெண்கள் யாரும் ரயிலடிக்கு நடப்பதில்லை. தெருமுனையிலேயே காசில்லாமல் பஸ் வரும்போது எதற்கு நடக்க வேண்டும்? நானே பேராவூரணிக்குப் போக அதைத்தான் செய்கிறேன். ரயிலில் ஏறுவது பட்டுக்கோட்டைக்கு அப்பால் போகும்போது மட்டும்தான்.

ஜன்னல் வழிக் காட்சிக்காக மட்டும் போகிறவர்களும் உண்டு, வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். திருவாரூரில் ஏறுங்கள், காரைக்குடியில் ஏறாதீர்கள். ஈரத்திலிருந்து வறட்சிக்குப் போவதுதான் கண்ணுக்கு நல்லது. திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை வண்டி தெற்கே போகிறது, ஆறுகளெல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. அதனால் வெண்ணாற்றின் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறுக்கே வரும்: பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு. பாலத்தில் ஏறும்போது சக்கரச் சத்தம் மாறும். திருநெல்லிக்காவல் தாண்டினால் எந்தப் பாலம் என்று கண்ணைத் திறக்காமலே எங்கள் பக்கத்துக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் இந்தக் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். அதனால் ஜூனில் வந்து பச்சை எங்கே என்று தேடாதீர்கள். புரட்டாசி கடைசி முதல் தை வரை வாருங்கள். ஐப்பசியில் இரண்டு பக்கமும் தண்ணீர்தான், நடுவில் ரயில் மேடு மட்டும் உலர்ந்து கிடக்கும், வரப்பில் இடம் கிடைக்காத கொக்குகள் தண்டவாளத்தில் நிற்கும்.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் காலை வண்டியென்றால் வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் வெயில் அடிக்கும். தில்லைவிளாகம், முத்துப்பேட்டை. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு ரயிலிலிருந்து தெரியாது. அதைப் பார்க்க இறங்கி, ஜாம்புவானோடை பக்கம் போய்ப் படகு பிடிக்க வேண்டும். தெரியும் என்று யாராவது சொன்னால் அவர் பார்த்தது கருவேலங்காடு. அதிராம்பட்டினம் நெருங்கும்போது காற்று மாறும், உதட்டில் உப்புக் கரிக்கும். அங்கே வண்டி கடலுக்கு முதுகைக் காட்டி வடக்கே பட்டுக்கோட்டைக்குத் திரும்பும். அதுவரை நிழலில் இருந்தவர்கள் மேல் வெயில் விழும். உட்கார்ந்திருப்பவர்கள் இடம் மாறிக்கொள்வதைப் பார்த்தாலே யார் இந்தப் பாதைக்குப் பழகியவர், யார் புதுசு என்று தெரிந்துவிடும். போன முறை எனக்கு எதிரே அதிராம்பட்டினத்தில் ஏறிய லாத்தா ஒருவர், ஏறும்போதே சரியான பக்கம் பார்த்து உட்கார்ந்தார். பேசிப் பார்த்தால், கம்பன் எக்ஸ்பிரஸில் வாப்பாவை வழியனுப்ப வந்த அந்தப் பத்துப் பேரில் ஒருவர். இப்போது பேரனைப் பார்க்கப் பேராவூரணிக்குப் போகிறார்.

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி வரை கல்லணைக் கால்வாய்ப் பாசனம். மண் கறுப்பிலிருந்து மணலுக்கு மாறும், நெல்லைத் தென்னை ஓரங்கட்டும். கஜாவுக்கு முன்னால் இங்கே மதியத்திலும் பெட்டிக்குள் வெளிச்சம் குறையும், அவ்வளவு அடர்த்தி. புயலுக்குப் பிறகு சில வருஷம் வானம்தான் தெரிந்தது. அப்போது வைத்த கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கிவிட்டன. பழைய மரம் உயரமாகவும் புது மரம் கையெட்டும் உயரத்திலும் கலந்து நிற்பதால், எந்தத் தோப்பு எவ்வளவு அடிபட்டது என்பதை ஜன்னலில் இருந்தே கணக்குப் பார்க்கலாம். அறந்தாங்கிக்கு அப்புறம் கண்மாய், பொட்டல், தைலமரம். புதுவயல் பக்கம் ரைஸ் மில்கள். இந்தக் கடைசிப் பகுதியில் தூங்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஸ்டேஷன்கள் பற்றி. கட்டிடங்கள் புதுசு, பிளாட்பாரம் நீளம், விளக்கு நன்றாக எரிகிறது. ஆனால் டீக்கடை இல்லை. ஒரு ஸ்டேஷனில், ஊர் பெயர் வேண்டாம், வண்டி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் கவுன்ட்டர் திறந்தது. முன்னால் ஏழெட்டுப் பேர், சில்லறைத் தகராறு, வண்டி வந்து நின்றே விட்டது. போனில் டிக்கெட் எடுக்கத் தெரிந்தவர்கள் ஏறிப் போனார்கள், தெரியாத பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். அதனால் போனில் எடுக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள், முறுக்குக்காரர் வருவார் என்று நம்பி ஏறாதீர்கள். மீட்டர்கேஜ் காலத்து நிறுத்தங்கள் எல்லாமும் திரும்பி வரவில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பழைய கணக்கில் ‘நம்ம ஊரில் நிற்குமே’ என்று ஏறிவிடாதீர்கள்.

கேட்டுகளுக்குப் பதிலாகப் பல இடத்தில் தரைக்கடியில் சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். இதை யோசித்தவர் ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா பக்கம் வந்து பார்த்திருக்க மாட்டார். மேலே ரயில் ஜம்மென்று போகும், கீழே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஏறிக் கடப்பார்கள். ஆபத்தே வரக் கூடாதென்று கட்டியது, ஆளைத் தண்டவாளத்துக்கே அனுப்புகிறது. அறுவடை மெஷின் உயரம் பத்தாமல் உள்ளே நுழையாது. சுற்றிக்கொண்டு போகிற டீசல் செலவு நிலத்துக்காரர் தலையில். ரயிலில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது தெரியாது. ஆனால் பாதையின் இரண்டு பக்கமும் நிலம் இருப்பவர்களைக் கேட்டால் இந்த ரயிலுக்கு அவர்கள் கொடுக்கிற மதிப்பெண் வேறு.

இப்போது நான் ஒன்றரை மதிப்பெண் கொடுத்த சமாச்சாரத்துக்கு வருகிறேன். நேரம். பாதை நன்றாகிவிட்டது, அதனால் வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. சந்தோஷம்தான். எர்ணாகுளம் – வேளாங்கண்ணி, 2023 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம் – செங்கோட்டை, 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலத்தோடு சேர்ந்து வந்த தாம்பரம் – ராமேஸ்வரம் தினசரி வண்டி. கம்பன் போன பிறகு சென்னைக்கு நேர் வண்டி இல்லாமல் பஸ்ஸில் முதுகு ஒடிந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சாயங்காலம் அறந்தாங்கியில் ஏறினால், கண் விழிக்கும்போது தாம்பரம். என்ன, கண் விழிப்பது விடிவதற்கு முன்னால். தாம்பரத்திலிருந்து வரும்போதோ நடுராத்திரியில் எங்கள் ஊர்களைத் தாண்டும். இறங்க வேண்டியவர்கள் அலாரம் வைத்துப் படுக்கிறார்கள், கூட்டிப்போக வீட்டில் ஒருவர் முழித்திருக்க வேண்டும். பரவாயில்லை, நெடுந்தூர வண்டி அப்படித்தான்.

என் புகார் பகல் வண்டி மேல். திருத்துறைப்பூண்டியில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, பட்டுக்கோட்டையில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர், கோர்ட்டில் வாய்தாவுக்குப் போகிறவர், இவர்களெல்லாம் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று ஓடினால் பெட்டி நிறையும். இருப்பது ஒரு கை விரலுக்குள் அடங்குகிற உள்ளூர் வண்டிகள். போக வண்டி பிடித்தால் வர வண்டி இல்லை. போகும்போது ரயில், திரும்பும்போது பஸ் என்றுதான் எங்கள் பாதிப் பயணம். மீட்டர்கேஜ் வண்டி மெதுவாகப் போனாலும் எங்களுக்காக ஓடியது. இப்போதையது வேகமாகப் போகிறது, எங்களைத் தாண்டி. ஜில்லா போர்டுக்கு செஸ் கட்டியவர்கள் ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகக் கட்டவில்லை. தஞ்சாவூர் – பட்டுக்கோட்டை புது ரயில் பாதை வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டு வருகிறோம். அது கிடக்கட்டும், போட்ட பாதையில் சாயங்காலம் இன்னொரு ஜோடி டெமு விட்டாலே போதும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், நன்றி கெட்டவள் என்று நினைக்கக் கூடாது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு ரயில் ஓடியது. 1980-களில் நிறுத்தினார்கள், தண்டவாளமும் போய்விட்டது, இன்று வரை வரவில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் போகிற 37 கிலோமீட்டர் 2004-இல் நின்றது, 2023 ஏப்ரலில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. வேதாரண்யம் உப்பை வெளியே கொண்டுபோன பாதை அது, 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் அந்தப் பாதையின் கடைசி. பத்தொன்பது வருஷம் ஒரு பாதையை மூடிவைத்தால், அதில் போகலாம் என்பதையே ஒரு தலைமுறை மறந்துவிடும். அங்கே வண்டியில் கூட்டம் குறைவென்றால் அந்தக் குறை ஜனங்களுடையது இல்லை. அதோடு ஒப்பிட்டால் எங்கள் பாதை ஏழு வருஷத்தில் உயிரோடு திரும்பியதே பெரிசு.

ஆக, யார் ஏறலாம்? வயசானவர்களோடு, கைக்குழந்தையோடு பட்டுக்கோட்டைக்கும் திருவாரூருக்கும் நடுவில் பயணம் என்றால் ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். சென்னைக்கு ராமேஸ்வரம் வண்டி. பண்டிகை நாள்களில் முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஒரே நாளில் போய் வேலையை முடித்துத் திரும்ப வேண்டியவர்கள், திரும்பி வர வண்டி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உள்ளூர் வண்டி நேரங்களை அடிக்கடி மாற்றுகிறார்கள், பராமரிப்பு வேலை என்று சில நாள் பாதி வழியோடு நிறுத்துகிறார்கள். ஸ்டேஷன் சுவரில் எழுதியிருப்பதை நம்பாமல், கிளம்புகிற அன்று காலையிலேயே போனில் பார்த்துவிடுங்கள். அப்புறம், நடுப்பெட்டி, வலப்பக்கம். அதிராம்பட்டினம் வந்ததும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.